மிதமான குறட்டை

கணவன் மனைவி என்ற உறவு உலகில் எப்போது தோன்றியது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போதோ தோன்றிவிட்டுப் போகட்டும். அதை ஓர் அதிகாரியின் முன்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் மகத்தான கலை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் முழு வளர்ச்சி அடைந்தது. அந்தக் கலைக்குத் தலைமை தாங்கியவன் நான். இதை வேறு யாராவது எடுத்துச் சொல்வார்கள் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். யாரும் வாயைத் திறப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். மாப்பிள்ளை கடல் கடந்த ஒரு குளிர் நாட்டில், குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். குளிர் நாட்டில் எதற்குக் குளிர்பதனக் கிடங்கு என்று கேட்காதீர்கள். முன்னேறிய நாடு என்றால் அப்படித்தான். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை விடுமுறை விடுமுறையாகக் கூட்டினால் ஐந்து மாதம் தேறலாம். அவரோடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் தங்கையின் ஒரே ஆசை. அதற்குக் குடியேற்ற விசா வேண்டும். விசாவுக்கு நேர்காணல். அதில் கோட்டைவிட்டால் மறுபடி விண்ணப்பித்து, மறுபடி காத்திருந்து, இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடிவிடும். அதை நினைத்தாலே தங்கையின் முகம் சுண்டிப்போகும்.

அந்த நாட்டுக்கு எங்கள் ஊரில் தூதரகம் இல்லாமல் இல்லை. கட்டடம் உண்டு, கொடி உண்டு, வாசலில் முறைப்பதற்கென்றே ஒரு காவலாளியும் உண்டு. குடியேற்ற விசா மட்டும் அங்கே கிடையாது. அதற்குப் பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து நாட்டுக்குள் நுழைய, 'நான் நிச்சயம் ஊருக்குத் திரும்பிவிடுவேன்' என்று நிரூபிக்க வேண்டும். நுழைந்தபின் தூதரகத்தில், 'நான் ஊரைவிட்டே போகப் போகிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே வாயால். இவ்வளவு நுட்பமான காரியத்தை, மனைவி என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாத ஒரு பெண்ணின் பொறுப்பில் விட முடியுமா?

ஆகவே 'நேர்காணல் ஆயத்தக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், அடியேன். கழிவுநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருப்பதால் கூட்டம் நடத்துவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. செயலாளர், என் மனைவி. அவளைக் கேட்காமலே நியமித்தோம். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். ஆலோசகர், விசா வாத்தியார்.

விசா வாத்தியார் சாதாரண ஆள் இல்லை. நகல் எடுக்கும் கடைக்கு மேலே, மாடி அறையில் பயிற்சிக் கூடம் நடத்துகிறார். நான்கு முறை விசா மறுக்கப்பட்டவர். எனக்கு முதலில் கொஞ்சம் இடித்தது. கேட்டேவிட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? பாஸானவன் எல்லாம் ஃபிளைட் ஏறிப் போயிடறான். அப்ப அனுபவம் யாருகிட்ட மிஞ்சும்? இங்கயே கெடக்கறவன்கிட்டதான?" என்றார்.

இதற்கு மேல் ஒருவர் தன் தகுதியை எப்படி விளக்க முடியும்? அவர் அறையில் ஒட்டுப்பலகையால் செய்த கவுண்டர் ஒன்று இருந்தது. அதன்மேல் கண்ணாடி. கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. ஓட்டை தங்கையின் இடுப்பு உயரத்தில் இருந்தது. பேச வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. "அசல்லயும் இதே கதைதான். பழகிக்கிட்டா முதுகு வலிக்காது" என்றார் வாத்தியார்.

ஞாயிறுதோறும் 'மாதிரி நேர்காணல்'. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக நான் வீற்றிருப்பேன்.

"உங்கள் கணவர் எந்தக் கையால் பல் தேய்ப்பார்?"

"வலது கையால."

"தேய்க்கும்போது பேசுவாரா?"

"பல்லு தேய்க்கும்போது யாராவது பேசுவாங்களா அண்ணா?"

"அதிகாரியை அண்ணான்னு கூப்பிடக் கூடாது."

"சரிங்கண்ணா."

கேள்விகளின் பட்டியலை வாத்தியார் தந்திருந்தார். அதில் சில கேள்விகளை ஓர் அண்ணன் தன் தங்கையிடம் கேட்க முடியாது. கட்டிலில் அவர் எந்தப் பக்கம் படுப்பார் என்பது போன்றவை. அந்தப் பகுதி வரும்போது என் மனைவி அதிகாரியின் நாற்காலியில் உட்காருவாள். நான் கீழே கடைக்குப் போய், நகல் எடுக்க எதுவும் இல்லாமலே வரிசையில் நிற்பேன். கடமை என்று வந்தால் கூச்சம் பார்க்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தங்கை ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். சுவரில் இருக்கும் எழுத்துகளை நோயாளிகளைப் படிக்கச் சொல்வது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "சில பேரு வரிசையில நிக்கும்போதே அந்த எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க அண்ணா. கண்ணு மட்டும் தெரியாது." நாங்கள் அதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள பேச்சு என்று தள்ளுபடி செய்தோம்.

குறட்டை விஷயத்தில்தான் குழுவின் திறமை வெளிப்பட்டது. மாப்பிள்ளை குறட்டை விடுவார் என்றாள் தங்கை. தொலைபேசியில் மாப்பிள்ளையைக் கேட்டால், "நானா? சத்தியமா இல்ல மச்சான்" என்றார்.

"இல்லையா? பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்தினாங்களே, அது எதுக்காம்?" என்றாள் தங்கை.

"அது மழைக்குச் சாத்தினாங்க."

"மழையா? அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு!"

பத்து நிமிடம் இருவரும் மாறி மாறிச் சிரித்தார்கள். இப்படி ஆளுக்கு ஒன்று சொன்னால் அதிகாரி என்ன நினைப்பார்? ஒரே வீட்டில் இருந்தவர்கள் என்று நம்புவாரா? வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவசரக் கூட்டம் கூட்டினேன். இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டு, 'மிதமான குறட்டை' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து மாப்பிள்ளை அதிகாரபூர்வமாக மிதமாகக் குறட்டை விடுபவர்.

அடுத்து வந்ததுதான் வாத்தியாரின் வாழ்நாள் சாதனையான 'தகவல் உறைவு' திட்டம். விண்ணப்பம் போட்ட தேதியோடு தம்பதியின் வாழ்க்கை உறைந்து நிற்க வேண்டும். புதிதாக எதுவும் நடக்கக் கூடாது. நடந்தால் அது புதுத் தகவல். புதுத் தகவல் வந்தால் மனப்பாடம் செய்த பதில் கெட்டுவிடும்.

"அதையும் மீறி ஏதாவது நடந்து தொலைச்சா?" என்று என் மனைவி கேட்டாள்.

"மொதல்ல குழுவுக்குத்தான் சொல்லணும் மேடம். குழு ஒத்துக்கிட்டா நடந்ததா வெச்சுக்கலாம்" என்றார் வாத்தியார்.

என் மனைவி என்னைப் பார்த்து, "ஏங்க, இவரு நல்லாத்தான் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அறிவுத்துறையில் பெண்களின் ஆர்வம் இவ்வளவுதான்.

திட்டம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. மாப்பிள்ளை மீசையை எடுத்துவிட்டார். விண்ணப்பப் படத்தில் மீசை இருந்தது. உடனே வளர்க்கும்படி உத்தரவு போனது. சத்தமான அறையை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். முகவரி மாறும் என்று தடுத்துவிட்டோம். தங்கை முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அனுமதிக்கவில்லை. அவர்கள் தினமும் பேசிக்கொள்ளும் அரை மணி நேரமும் 'பரஸ்பரத் திருப்புதல்' ஆகிவிட்டது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் கூடத்துப் பக்கம் போனால் தங்கை குரலைத் தாழ்த்திக்கொள்வாள். இப்போது யார் வந்தாலும் தாழ்த்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"என் செருப்பு எத்தனாம் நம்பர்?"

"எட்டு. என் பெரியம்மா பேரன் என்ன படிக்கிறான்?"

"கணக்கு. உன் வலது கையில மச்சம் எங்க இருக்கு?"

"இடது கையிலதான் இருக்கு. மறுபடி தப்பு பண்றீங்க பாருங்க."

கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தக் கணவனும் மனைவியும் இவ்வளவு பயனுள்ள விஷயங்களைப் பேசி நான் கேட்டதில்லை.

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வாரியத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே மாப்பிள்ளையின் அழைப்பு வந்தது. விதிப்படி முதலில் குழுத் தலைவருக்கு.

"மச்சான், ஏணியிலேருந்து விழுந்துட்டேன். கால் உடைஞ்சிருச்சு."

"ஐயையோ! எப்ப மாப்பிள்ளை?"

"நேத்து. ஆபரேஷன் பண்ணிப் பிளேட் வைக்கணும்கிறாங்க."

"என்ன மாப்பிள்ளை நீங்க... இன்னும் மூணே வாரம். கொஞ்சம் பார்த்து நடந்துக்கக் கூடாதா?"

"அவகிட்டச் சொல்லணும் மச்சான். சொன்னா எனக்கு மனசு கொஞ்சம் லேசாகும். இங்க பேச்சுக்குக்கூட ஆளில்ல" என்றார். குரல் சரியாக இல்லை.

நான் வாத்தியாரிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். 'தினமும் மாலை நடக்கப் போவார்' என்று பதில் மனப்பாடமாகி இருக்கிறது, இந்த நேரத்தில் காலை உடைத்தால் தங்கை குழம்பிவிடுவாள், அழுவாள், அழுதால் படித்ததெல்லாம் மறந்துபோகும். "கால் உடைஞ்சதை நேர்காணலுக்கு அப்புறம் வெச்சுக்கலாம் சார்" என்றார். மாப்பிள்ளையிடம் அதையே சொன்னேன்.

"மனசு விசாவுக்கு அப்புறம் லேசாகட்டும் மாப்பிள்ளை. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். சொல்லி, அவ பதில் குழம்பி, விசா போச்சுன்னா? இன்னும் நாலு வருஷம் உங்களால தாங்க முடியுமா?"

அந்தக் கேள்வியில் மனிதர் அடங்கிவிட்டார்.

முகம் பார்த்துப் பேசும் அழைப்புகள் நிறுத்தப்பட்டன. முகம் பார்க்காமல் பேசிப் பழகினால் கண்ணாடிக்கு முன்னால் பயம் இருக்காது என்று தங்கைக்குக் காரணம் சொன்னோம். ஒரு நாள் அவள், "பின்னாடி என்ன அது, டிங் டிங்னு சத்தம்?" என்றாள். "கிடங்குல புது மணி வெச்சிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே. எங்கள் பயிற்சியில் அவரும் எவ்வளவோ முன்னேறியிருந்தார். விஷயம் என் மனைவிக்கும் தெரியாது. அவளுக்கு இரகசியக் காப்புப் பிரமாணம் செய்துவைக்க நாங்கள் மறந்திருந்தோம்.

துணைக்கு நானே போனேன். பக்கத்து நாட்டு விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எங்கள் இருவர் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு, என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சுற்றுலா, ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோம். இவ்வளவுதான் பதில். ஆனால் மாதக்கணக்கில் கேள்வி கேட்டுக் கேட்டுப் பதில்களெல்லாம் எனக்குள்ளே ஊறிப்போயிருந்தன. அதிகாரி என்ற உருவத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்களுடையது உண்மையான திருமணம், ஐயா. ஒருவரைவிட்டு ஒருவரால் இருக்க முடியாது."

அதிகாரி இரண்டு கடவுச்சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் அப்பா பேர் ஒண்ணாயிருக்கே?"

"ஐயோ கடவுளே! இவர் என் கூடப் பொறந்த அண்ணன்!" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு சின்ன அறையில் எங்களை வெகு நேரம் உட்கார வைத்தார்கள். நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். தங்கையோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாதக்கணக்கில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "இதை அவர்கிட்டச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாரு" என்றாள். 'விழுந்து' என்ற சொல் எனக்கு உவப்பாக இல்லை. புதுத் தகவல், சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் என் வாரிய அடையாள அட்டையைப் பார்த்து, இவ்வளவு பதறும் ஆள் குற்றவாளியாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி எங்களை விட்டார்கள்.

நேர்காணல் அன்று காலை தங்கை தூதரகத்துக்குள் போனாள். விண்ணப்பதாரரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எதிர்ச்சாரியில் ஒரு காப்பிக் கடையில் நான் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

அங்கே கண்ணாடியில் ஓட்டையே இல்லையாம். ஒலிபெருக்கி வைத்திருந்தார்களாம். இவள் பழக்கதோஷத்தில் குனிந்திருக்கிறாள். "என்னம்மா தேடறீங்க?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கிறார். அதிகாரி நடுவயதுப் பெண். ஜலதோஷம் வேறு. மூக்கைத் துடைத்துக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மிதமான குறட்டைக்கு வாய்ப்பே தரவில்லை. நிமிர்ந்து பார்த்து, அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருங்க."

"நடக்கறாரா?"

நடை பட்டியலில் இருந்தது. தங்கை ஒரு மூச்சில் ஒப்பித்தாள்: "தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நடப்பாருங்க. வேகமா நடப்பாரு."

அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கட்டுப் போட்ட காலோடயா?"

"எந்தக் கட்டு?"

வேலையை உறுதி செய்துகொள்ள மாப்பிள்ளையின் கிடங்குக்குத் தூதரகத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். ஏணியிலிருந்து விழுந்தது, கால் முறிந்தது, அறுவை நடந்தது, எல்லாம் கிடங்கில் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"என் போன் எங்க?"

"இருங்கம்மா, நேர்காணல் இன்னும் முடியலை."

"முடியாட்டிப் போகட்டும்."

காப்பிக் கடையிலிருந்து நான் பார்த்தது இதற்கு மேல்தான். தூதரக வாசலில் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடி வந்தாள். நான் சாலையைக் கடந்து அவளிடம் போவதற்குள் அழைப்பு கிடைத்திருந்தது.

"கால் எப்படி இருக்கு? ... பொய் சொல்லாதீங்க, எனக்கு எல்லாம் தெரியும். வலிக்குதா? ... யார் பார்த்துக்கறா? ... யாருமே இல்லையா? ... யாரு சொல்ல வேண்டாம்னாங்க?"

என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை வர்ணிப்பது தலைவர் பதவிக்கு அழகல்ல.

"அண்ணனா? அண்ணன் சொன்னா என்கிட்ட மறைப்பீங்களா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா? உங்க செருப்பு எத்தனாம் நம்பர்னு தெரிஞ்சு நான் என்ன பண்ண?"

அப்புறம் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதாள். திட்டினாள். மறுபடி அழுதாள். மறுமுனையிலும் அழுகைதான் என்று தெரிந்தது. 'உள்ளே போம்மா, உன் முறை போயிடும்' என்று நான் இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் கையை உயர்த்தி நிறுத்தினாள். தூதரகக் காவலாளி வந்து, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று சைகை காட்டினான். "பேசிட்டிருக்கேன்ல? இருங்க!" என்று அவனுக்கும் ஒரு அதட்டல். ஆறு அடி உயரக் காவலாளி, துப்பாக்கியோடு, பேசாமல் காத்து நின்றான்.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உடனே வந்துவிட்டாள். தொலைந்தது என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"விசா கொடுத்துட்டாங்க. 'சீக்கிரம் போய்ப் பார்த்துக்கங்க'ன்னு சொன்னாங்க" என்றாள். அன்று வேறு எதுவும் என்னிடம் சொல்லவில்லை. விமானத்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊரில் வாத்தியார் பூரித்துப்போனார். பயிற்சிக் கூடத்தின் கீழ்ப்படியில் புது விளம்பரம் தொங்கியது. இனி 'பாதியில் எழுந்து ஓடுதல்' ஒரு தனிப் பாடம். 'நடைபாதையில் அழுதல்' விருப்பப் பாடம். எங்கள் வீட்டுக் கூடத்தில் குழுவின் நிறைவுக் கூட்டம் நடந்தது. வெற்றி குழுவுக்கே உரியது என்ற தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன், வாத்தியார் வழிமொழிந்தார். செயலாளர் எதிர்த்து வாக்களித்தாள். எல்லாம் தெரிந்துவிட்டதால் அவள் என்னோடு பேசுவதில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த தங்கையை, இரண்டு வார்த்தை பேசும்படி அழைத்தோம். அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். கோபமாக இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அண்ணா, நீங்க எனக்காகத்தான் இவ்வளவும் பண்ணீங்க. எனக்குத் தெரியும். அவரைப் பத்தி நீங்க கேக்காத கேள்வி இல்ல. கால் உடைஞ்சு படுத்திருக்காருன்னு தெரிஞ்ச பிறகும், ஞாயித்துக்கிழமை என்னைக் கண்ணாடி முன்னாடி நிக்கவெச்சு அவரு எவ்வளவு நேரம் நடப்பாருன்னு கேட்டீங்க. நானும் சொன்னேன். அந்த மூணு வாரத்துல, வலி எப்படி இருக்கு மாப்பிள்ளைன்னு அவருக்கு ஒரு போன் பண்ணீங்களா அண்ணா?"

இந்த இடத்தில் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்று வாத்தியார் என் காதில் சொன்னார். எனக்குக் கை எழவில்லை.